கூரி கழற்றிய நடுச்சட்டம்

கூரி என்ற முள்ளம்பன்றி தான் கட்டிய பாலத்தின் மேல் நடக்கும்போதெல்லாம் அவள் முதுகு முள் தானாக நிமிர்ந்துகொள்ளும். எதிரியைக் கண்டு நிமிர்வது வேறு. இது பெருமையில் நிமிர்வது.

இருக்காதா பின்னே? இரட்டைமடுக் காட்டை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்து ஓடியது. இந்தப் பக்கம் பள்ளக்காடு. புல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டால் கழுத்தளவு வெள்ளம் ஏறிவிடும். அந்தப் பக்கம் மேட்டுக்காடு. மழைக்காலம் முழுக்க அங்கேதான் பிழைக்க முடியும். நடுவில் இருந்த மடு எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. அக்கரையோ சுவர் மாதிரி செங்குத்து. ஒரு காலத்தில் ஒவ்வொரு மழைக்கும் பத்துப் பதினைந்து உயிர்களை ஆறு கொண்டுபோகும். கூரி பாலம் கட்டிய பிறகு, ஐந்து வருஷமாக ஒரு முயல்குட்டிகூடப் போகவில்லை.

பாலத்தின் அமைப்பு எளிமையானது. இக்கரையை ஒட்டி முழங்கால் தண்ணீரில் ஒரு பெரிய பாறை. அதன் மேல் இரண்டு தூண்கள். தூண்களுக்கு நடுவே குறுக்காக ஒரு சட்டம். இரு கரையிலிருந்தும் வரும் நீள மரங்கள் அந்த நடுச்சட்டத்தின் மேல் வந்து படுத்திருக்கும். மரங்களைத் தூக்கி வைத்தவை யானைகள். பொருத்தியவள் கூரி.

ஆணி கிடையாது. கயிறு கிடையாது. சட்டத்தின் இரண்டு முனைகளையும் பல்லாலேயே ஒடுக்கிச் செதுக்கி, நாக்கு மாதிரி ஆக்கியிருந்தாள். அதற்குக் கழுந்து என்று பெயர். தூணில் குடைந்த துளைக்குள் அந்தக் கழுந்து போய் உட்காரும். பிறகு பக்கவாட்டில் ஒரு மரமுளையை அடித்து இறுக்கிவிட்டால் அசையாது. இடுக்கில் ஒரு புல் இதழைக்கூட நுழைக்க முடியாது என்று காடே பேசிக்கொண்டது. அதைச் சொல்லச் சொல்லக் கூரிக்குக் கேட்க அலுக்கவே இல்லை.

அந்த வருஷம் மேற்கே மேகம் சீக்கிரமே திரண்டுவிட்டது. நெடுங்கை என்ற யானைத் தலைவி தன் கூட்டத்தோடு மறுநாள் காலை ஆற்றைக் கடப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். மானும் பன்றியும் மற்ற எல்லாமும் அவள் பின்னால் கடப்பது வழக்கம்.

அன்று மதியம் டொக்கன் என்ற மரங்கொத்தி பறந்து வந்து கூரியின் முன்னால் இறங்கினான்.

"கூரியக்கா, ஒரு விஷயம். கோபப்படாமல் கேளுங்கள்."

"சொல்."

"நடுச்சட்டத்தின் மேலாற்று முனையில், தண்ணீர் வருகிற பக்கம், சத்தம் சரியில்லை. நல்ல மரம் 'டொக்' என்று சொல்லும். அது 'தொப்' என்கிறது."

கூரியின் முள் சடசடவென்று எழுந்தது. "என் பொருத்தையா சொல்கிறாய்? உனக்குப் பசி. புழு கிடைக்காத கடுப்பில் கண்ட மரத்தையும் தட்டிக்கொண்டு திரிகிறாய்."

"பசி இல்லை அக்கா" என்றான் டொக்கன், மெதுவாக. "அங்கேதான் மூன்று புழு எடுத்துத் தின்றுவிட்டு வருகிறேன்."

கூரி முள்ளை மடக்கவில்லை. விறுவிறுவென்று ஆற்றுக்கு நடந்து, பாறையில் ஏறி, நடுச்சட்டத்தின் கீழே போய் நின்றாள்.

பாறையின் மேல் மாவு சிந்திய மாதிரி வெளிர்மஞ்சள் தூள் கிடந்தது. அண்ணாந்து பார்த்தாள். கழுந்து தூணுக்குள் நுழையும் கழுத்துப் பக்கத்தில் ஓட்டைகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் கடுகு போகும் அளவு. எண்ணினாள். ஏழு.

ஓர் ஓட்டையிலிருந்து பழுப்பு நிற வண்டு ஒன்று தலையை நீட்டியது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

"யார் நீ?" என்றாள் கூரி.

"பொடியன் என்பார்கள். இந்த மரத்திலேயே பிறந்து வளர்ந்தவன்."

"என் சட்டத்தில் உனக்கு என்ன வேலை?"

"சாப்பாடு. வேறென்ன? நீங்கள் இப்படி முறைக்கிற அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. சட்டத்தின் நடுவயிற்றைப் போய்ப் பாருங்கள். நூறு ஓட்டை இருக்கும். அதன் மேல் யானை நடக்கவில்லையா? இங்கே ஏழே ஏழுதான். எங்களுக்கும் மனசாட்சி இருக்கிறது."

கூரி நகர்ந்து போய்ப் பார்த்தாள். பொடியன் சொன்னது பொய்யில்லை. சட்டத்தின் நடுவில் ஓட்டைகள் எண்ணி முடியாது. ஆனால் அங்கே சட்டம் யானைக்கால் பருமன். நூறு ஓட்டையும் தோலோடு நின்றுவிட்டன. முனையிலோ அவளே எல்லாப் பக்கமும் செதுக்கிச் செதுக்கி நாலு விரல் கனத்துக்கு ஒடுக்கியிருந்தாள். பாலத்தின் பாரம் முழுக்க அந்த நாலு விரலில்தான் வந்து உட்காரும். நடுவில் இருந்தவை தோலில் விழுந்த ஓட்டைகள். இந்த ஏழும் எலும்பில் விழுந்தவை.

"பயப்படாதீர்கள்" என்று பொடியன் ஆறுதல் சொன்னான். "உள்ளே இருக்கும் சிவப்பு வைரத்தை, அந்தக் கெட்டியான நடுமரத்தை, நாங்கள் தொடுவதில்லை. எங்கள் பல் அதில் ஏறாது. வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதி மட்டும்தான் எங்களுக்கு."

அந்த ஆறுதல் கூரிக்கு ஆறுதலாக இல்லை.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டுமே தெரியும். அந்த வேங்கை மரம் ஒரு முனையில் லேசாக வளைந்திருந்தது. கழுந்தை நேராகச் செதுக்கியபோது, நாலு விரலில் இரண்டு விரல் வெள்ளைப் பகுதியாகவே நின்றுவிட்டது. வேறு மரம் தேடியிருக்கலாம். சரிவில் தீயில் வெந்த வேங்கை மரம் ஒன்று கிடந்தது. அதில் வெள்ளையெல்லாம் எரிந்துபோய் வைரம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆனால் அதைக் கடித்தால் பல் போய்விடும். 'துளைக்குள் போன பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்' என்று முளையை அடித்து இறுக்கிவிட்டாள். காடு கைதட்டியது. நாளாக ஆக அவளே அதை மறந்துவிட்டாள்.

"என்ன கூரி, முகம் தொங்கிப்போயிருக்கிறது?"

பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தது மூசன் என்ற கருமந்தி. யார் முதலில் கடப்பது, யார் பின்னால் என்று வரிசை கட்டிவிடுவது அவன் வேலை. கூரி ஓட்டைகளைக் காட்டினாள். மூசன் இறங்கி வந்து பார்த்தான், தூளைத் தொட்டு முகர்ந்தான், சுற்றுமுற்றும் ஒரு நோட்டம் விட்டான்.

"வேறு யாருக்குத் தெரியும்?"

"டொக்கனுக்கு."

"அவன் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள்? நான் சொல்வதைக் கேள். தேன்மெழுகைக் கொண்டுவந்து ஓட்டையை அடைத்துவிடு. மேலே கொஞ்சம் மரத்தூளைத் தேய். நாளைக்கு எல்லோரும் கடந்துவிடட்டும். மழை நின்ற பிறகு நீயும் நானும் வந்து சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம். ஐந்து வருஷமாகச் சம்பாதித்த பேரை ஏழு ஓட்டைக்காகக் கெடுத்துக்கொள்வாயா?"

கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லைதான். மூசனே போய் மெழுகு கொண்டுவந்தான். கூரி அதை உருட்டி முதல் ஓட்டையை அடைத்தாள். இரண்டாவதை அடைத்தாள். பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை. மூசன் தலையாட்டி ரசித்தான்.

மூன்றாவது ஓட்டையில் ஓர் உருண்டையை வைத்து அழுத்தினாள். மெழுகு உள்ளே போய்விட்டது. இன்னோர் உருண்டை வைத்தாள். அதுவும் போய்விட்டது. மூன்று, நான்கு, ஐந்து. எவ்வளவு அழுத்தினாலும் மரம் விழுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஓட்டையின் விளிம்பே நொறுங்கி, நகம் உள்ளே இறங்கியது. உள்ளே மரம் இல்லை. மாவு இருந்தது.

கூரி மீதி மெழுகைத் தண்ணீரில் எறிந்தாள்.

"ஏன்?" என்றான் மூசன்.

"வெளியே தெரிவது வண்டுகள் புறப்பட்டுப் போன வாசல்தான், மூசா. வீடு முழுக்க உள்ளே இருக்கிறது."

அவள் அங்கிருந்து நேராகச் சரிவுக்குப் போய், கிடந்த கருகிய மரத்தைத் தட்டிப் பார்த்தாள். கல்லைத் தட்டின மாதிரி இருந்தது.

மறுநாள் விடிந்தபோது மலைமேல் மழை இறங்கிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தது. கரையில் கூட்டம் நெரிந்தது. முன்வரிசையில் நெடுங்கை. அவள் பின்னால் பதிமூன்று யானைகள், அதில் இரண்டு குட்டிகள். நெடுங்கை முன்காலைத் தூக்கினாள்.

பாலத்தின் தலைப்பில், எல்லா முள்ளையும் விரித்துக்கொண்டு கூரி நின்றாள்.

"யாரும் ஏறக்கூடாது."

நெடுங்கை காலைக் கீழே வைத்தாள். "என்ன இது கூரி? தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது."

"தெரியும் தலைவி. பாலம் தாங்காது."

"நீ கட்டின பாலமா தாங்காது?"

"நான் கட்டினதால்தான் சொல்கிறேன்."

கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. "பாலம் நன்றாகத்தானே இருக்கிறது" என்றது ஒரு காட்டுப்பன்றி. "பெருமை தலைக்கேறி இப்போது கெஞ்ச வைக்கிறாள்" என்றது இன்னொன்று. மூசன் கிளையில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்தான்.

கூரி நெடுங்கையின் கண்ணைப் பார்த்துப் பேசினாள். "நம்ப வேண்டாம், பாருங்கள். மரங்களின் முனையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். மேலாற்றுத் தூணை வெளிப்பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். என் பொருத்தை நானே கழற்றுகிறேன்."

நெடுங்கை ஒரு கணம் யோசித்தாள். பிறகு தானே தண்ணீரில் இறங்கினாள். இரண்டு யானைகள் பாரத்தைத் தாங்கின. ஒன்று தூணைச் சாய்த்தது. கூரி முளையைக் கடித்துப் பிடுங்கினாள்.

சட்டம் தூணிலிருந்து வெளியே வந்தது. கழுந்து பாதிதான் வந்தது. மீதி நெடுங்கையின் துதிக்கையில் தூளாகக் கொட்டியது. மிஞ்சியிருந்த இரண்டு விரல் சிவப்பு மரமும் முளைத்துளையின் வழியாக முக்கால்வாசி பிளந்திருந்தது. கரையில் இருந்த அத்தனை உயிருக்கும் அது தெரிந்தது.

நெடுங்கை திரும்பித் தன் இரண்டு குட்டிகளையும் பார்த்தாள்.

"இதில் பாதி வெள்ளை மரம்" என்றாள் கூரி. "செதுக்கும்போதே எனக்குத் தெரியும். வைர மரத்தைக் கடிக்கச் சோம்பிக்கொண்டு இதை வைத்தேன். உள்ளே மறைந்துவிட்டதால் பேசாமல் இருந்துவிட்டேன். வண்டு தன் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டது. பிழை என்னுடையது. நேற்று டொக்கன் வந்து சொன்னபோதும் அவனைத்தான் திட்டினேன்."

"திட்டுவதற்கு இன்னொரு நாள் இருக்கிறது" என்றாள் நெடுங்கை. "வேறு சட்டம் செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?"

"நானாகச் செய்தால் நாலு நாள்."

"தண்ணீர் மாலைவரைதான் பொறுக்கும்."

அப்போது மேலே இறக்கைச் சத்தம் கேட்டது. டொக்கனும் அவன் உறவுக்காரர்கள் பதினோரு பேரும் பாலத்தின் மேல் வந்து உட்கார்ந்தார்கள்.

"நீங்கள் கோடு கிழித்துக் கொடுங்கள் அக்கா" என்றான் டொக்கன். "கொத்துவது எங்கள் பாடு."

நெடுங்கை சரிவில் கிடந்த கருகிய வேங்கையை உருட்டிக்கொண்டுவந்து கரையில் போட்டாள். டொக்கன் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தட்டிக்கொண்டே போனான். எங்கு தட்டினாலும் ஒரே சத்தம். டொக். கூரி நகத்தால் கோடு கிழித்தாள். பன்னிரண்டு அலகுகள் ஒரே நேரத்தில் இறங்கின. கருப்புச் சில்லுகள் பறந்தன. உள்ளிருந்து ரத்தச் சிவப்பாக வைரம் தெரிந்தது.

மரங்கொத்திகள் முரட்டு வேலையை முடிக்க முடிக்க, கூரி பின்னாலேயே பல்லை வைத்துச் சீவினாள். அந்த மரம் பல்லைக் கேட்டது. முதல் கழுந்து முடியும்போது ஈறில் ரத்தம் வந்தது. இரண்டாவது கழுந்தில் முன்பல் ஒன்றின் முனை தெறித்து விழுந்தது. துப்பிவிட்டுத் தொடர்ந்தாள். நேற்றுவரை இந்த வலிக்குத்தான் பயந்திருந்தாள். இப்போது ஒவ்வொரு சீவலுக்கும் மரம் பளபளவென்று வழுவழுத்து வருவதைப் பார்க்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு வந்தது. இதுவரை அனுபவித்த எந்தப் பெருமையையும்விட அது நன்றாக இருந்தது.

உச்சி சாய்ந்த வேளையில் தண்ணீர் பாறையின் மேல் விளிம்பைத் தொட்டது. மூசன் மரத்திலிருந்து இறங்கி வந்து நின்றான்.

"நான் என்ன செய்யட்டும்?"

"முளைக்கு வைரமாக ஒரு துண்டு வேண்டும். கொண்டுவா" என்றாள் கூரி. மூசன் ஓடினான்.

சட்டத்தை ஏற்றும் நேரம் வந்தது. யானைகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று மரங்களை முதுகில் தாங்கின. தூண் சாய்ந்தது, கழுந்து துளையின் வாயில் நின்றது. நெடுங்கை நெற்றியைக் கொடுத்துத் தள்ளினாள். கழுந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. கூரி மூசன் கொண்டுவந்த முளையைச் செருகினாள். நெடுங்கை ஒரு கல்லால் இரண்டு அடி அடித்தாள். மரங்களை அதன் மேல் இறக்கினார்கள்.

"நான் முதலில் போகிறேன்" என்றாள் நெடுங்கை. "நீ கரையிலிருந்து பார்."

"இல்லை தலைவி. நான் பொருத்தின் கீழே இருக்கிறேன். காதை வைத்துக் கேட்கவேண்டும்."

"விழுந்தால் உன் மேல்தான் விழும்."

"கீழே நிற்கப் பயந்தால் உங்களை மேலே நடக்கச் சொல்லக்கூடாது" என்றாள் கூரி.

அவள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சட்டத்தின் கீழே தொற்றினாள். தண்ணீர் அவள் காலை இழுத்தது. மேலே நெடுங்கையின் அடிகள் ஒவ்வொன்றாகக் கேட்டன. தூண்களுக்கு நேர் மேலே வந்தபோது பாரம் முழுக்கச் சட்டத்தின் மேல் இறங்கியது. 'நறுக்' என்றது பொருத்து. கரையில் எல்லோரும் மூச்சை நிறுத்தினார்கள்.

கூரி காதை அழுத்திக் கேட்டாள். மரம் பிளக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அது இல்லை. கழுந்து தன் இடத்தில் இன்னும் ஓர் இழை இறங்கி உட்கார்ந்த சத்தம்.

"நடங்கள்" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள். "நன்றாகக் காலை ஊன்றி நடங்கள்."

நெடுங்கை நடந்தாள். பதிமூன்று யானைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. குட்டிகள் குதித்துக்கொண்டு போயின. பிறகு காட்டெருமைகள், மான்கள், பன்றிகள், நரிகள், முயல்கள். பொருத்து மறுபடி முனகவே இல்லை.

பழைய சட்டம் கரையில் கிடந்தது. கடைசி முயலும் கடந்த பிறகு பொடியன் அதிலிருந்து எட்டிப் பார்த்தான். "எங்கள் கதி?" என்றான் பாவமாக. புதுச் சட்டத்தில் அவன் ஏற்கெனவே வாய்வைத்துப் பார்த்திருந்தான். பல் ஏறவில்லை.

கூரி நெடுங்கையைக் கூப்பிட்டாள். நெடுங்கை இக்கரைக்குத் திரும்பி வந்து, பழைய சட்டத்தைத் துதிக்கையால் தூக்கி, கூரியோடு பாலத்தைக் கடந்து, மேட்டுக்காட்டில் ஒரு புதருக்கடியில் போட்டாள்.

"இது முழுக்க உனக்குத்தான். வயிறு நிறையச் சாப்பிடு" என்றாள் கூரி. "யாருடைய காலும் நம்பி மிதிக்காத மரத்தில் இருந்துகொள்."

அங்கே எல்லோரும் கூரிக்காகக் காத்திருந்தார்கள். காலையில் முணுமுணுத்த காட்டுப்பன்றி முன்னால் வந்து, "கூரியம்மா, அந்தப் பல் வலிக்கிறதா?" என்று கேட்டது. அவள் வாயைத் திறந்து உடைந்த பல்லைக் காட்டினாள். குட்டி யானைகள் இரண்டும் முண்டியடித்துப் பார்த்தன.

"டொக்கா" என்று கூப்பிட்டாள் கூரி. "இனி மழைக்கு முன்னால் ஒவ்வொரு பொருத்தையும் நீதான் தட்டிப் பார்க்கிறாய். சந்தேகம் வந்தால் எல்லோர் முன்னாலும் சொல். எல்லோர் முன்னாலும் நான் கழற்றுவேன்."

"இத்தனை வருஷம் உன் பாலத்தை நம்பினோம்" என்றாள் நெடுங்கை. "இனிமேல் உன்னையும் நம்பலாம்."

மழை வலுத்தது. கூரி முள்ளை நிமிர்த்திக்கொண்டு, கூட்டத்தின் முன்னால் மேட்டுக்காட்டுக்குள் நடந்தாள்.

தன் வேலையில் மறைந்திருக்கும் குறையைப் எல்லோர் முன்னாலும் தானே திறந்து காட்டித் திருத்துகிறவருக்குத்தான், அந்த வேலையைப் பற்றிப் பெருமைப்படும் உரிமை உண்டு.